நேர்ந்துவிட்ட குருவிக்கூடு

ஆட்டை நேர்ந்துவிடுவார்கள், சேவலை நேர்ந்துவிடுவார்கள். அடுத்தவன் தலைமுடியை, அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சாமிக்கு நேர்ந்துவிட்ட மனிதரை, என் பெரியப்பாவைத் தவிர வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. இத்தனை வருடம் போய் என் தலையே வெள்ளையான பிறகும், அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. முழுக்கக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

மலாயாவில், மெர்லிமாவிலிருந்து உள்ளே தள்ளி, ரப்பர் மரங்களுக்கு நடுவே இருந்தது எங்கள் தோட்டம். காட்டில் துப்பாக்கியோடு ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். சிதறிக் கிடந்த லயத்து வரிசை வீடுகளைப் பிரித்து ஒரே இடத்தில் கொண்டுவந்து வைத்து, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு வாசல் விட்டிருந்தார்கள். வெளியே போனாலும் உள்ளே வந்தாலும் வாசலில் அடையாளக் கார்டைக் காட்ட வேண்டும். ரப்பர் பால் எடுக்க மரம் வெட்டப் போகிற பெண்களின் வாளியைக்கூடக் கவிழ்த்துப் பார்ப்பார்கள், காட்டில் இருப்பவர்களுக்கு யாராவது அரிசி கொண்டுபோகிறார்களா என்று. அரிசிக்குத்தான் பஞ்சம், எங்கள் லயத்தில் பேச்சுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. வேலிக்குள் அடைத்துப்போட்டால் மனிதர்கள் வேறென்ன செய்வார்கள்? பக்கத்து வீட்டைப் பேசுவார்கள். பக்கத்து வீட்டில் என் சித்தப்பா மாதிரி ஒருவர் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

சித்தப்பாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. பால் ஸ்டோரில் ரப்பர் தகடு உருட்டும் வேலை. வேலை நாட்களில் அவரும் எல்லாரையும் போல அரைக்கால் சட்டையும் புளித்த ரப்பர்பால் வாடையுமாகத்தான் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஆளே வேறு. கணுக்காலைக் கவ்விப் பிடிக்கிற பேண்ட். தென்னைமரமும் படகும் போட்ட சட்டை. காலரைத் தூக்கி விட்டிருப்பார். இதெல்லாம் கூட லயத்துக்காரர்கள் பொறுத்துக்கொண்டார்கள். பொறுக்க முடியாதது அவருடைய தலை. முன்முடியை அப்படியே மேலே தூக்கி, சுருட்டி, உள்ளே ஒரு குருவி வந்து குடித்தனம் நடத்தலாம் போல ஒரு கூடு கட்டியிருப்பார். தேங்காயெண்ணெயும் தண்ணீரும் கடையில் வாங்கின வாசனைக் கிரீமும் சேர்த்துக் குழைத்து, அரைமணி நேரம் உட்கார்ந்து செய்கிற வேலை அது. மழை பிடித்துக்கொண்டால் முதலில் தலையை மூடுவார். அப்புறம்தான் உடம்பு.

"ஏன் தம்பி, முட்டை விட்டாச்சா இல்ல இனிமேத்தானா?" என்று தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் கேட்பார்கள்.

"குஞ்சு பொரிச்சதும் உங்களுக்கு ஒண்ணு குடுக்கிறேங்கா," என்பார் சித்தப்பா, நடையைக் குறைக்காமல்.

பெரியப்பாதான் எங்கள் குடும்பத்துக்குத் தலை. அவர் வெளிக்காட்டு மண்டோர், அதாவது கங்காணி. முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு போய், மரத்துக்கு மரம் முளைக்கிற லாலான் புல்லை வெட்டி எடுக்கிற வேலை. வருடக்கணக்கில் அதையே பார்த்துப் பார்த்து, எதுவும் ஓர் அளவுக்கு மேல் வளர்ந்து நின்றால் அவருக்குக் கை அரிக்கும். என் அப்பா, அண்ணன் முன்னால் வாய் திறக்காதவர். சித்தப்பாவோ எல்லாவற்றுக்கும் சிரிக்கிறவர். அதனால் எங்கள் வீட்டில் கோபம் முழுக்கப் பெரியப்பா ஒருவர் பொறுப்பிலேயே இருந்தது.

சித்தப்பா கெட்டுப்போனதற்குக் காரணம் சினிமா வண்டி என்பது அவருடைய தீர்மானம். மாதம் ஒருமுறை சர்க்கார் வண்டி வந்து பந்து விளையாடும் திடலில் வெள்ளைத் துணி கட்டும். முதலில், காட்டில் இருப்பவர்கள் வெளியே வந்து சரணடைய வேண்டும் என்று ஒரு படம். அது முடிந்த பிறகு ஒரு தமிழ்ப் படம். முதல் படத்துக்கு எல்லாரும் கடலை கொறிப்பார்கள். இரண்டாவது படத்தில் கதாநாயகன் வந்ததும் இளவட்டங்களின் கை தானாகத் தலைக்குப் போகும்.

"காட்டுக்குள்ள இருக்கிறவன வெளிய கூப்பிடத்தான சர்க்காரு வண்டி அனுப்புது? இது வீட்டுக்குள்ள இருக்கிறவன வெளிய இழுத்துக்கிட்டுப் போகுது," என்று பெரியப்பா திடலிலிருந்தே கத்திக்கொண்டு வருவார். "டேய், அது நெழலுடா! வெள்ளத் துணியில ஆடுற நெழலு. நெழலப் பாத்து எவனாச்சும் மசிரு வளப்பானா? தலையில லாலான் காடு!"

இந்தப் பெரியப்பா சின்ன வயதில் கப்பலேறி வந்த புதிதில், குடுமியை அறுத்துவிட்டுக் கிராப்பு வைத்துக்கொண்டு வந்து நின்றாராம். அவருடைய அப்பா மூன்று நாள் சோறு தொடவில்லையாம். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து எனக்கு ரகசியமாகச் சொன்னது. அந்தக் கிராப்பு எந்த வேதத்தில் எழுதியிருந்தது? அதை யாரைப் பார்த்து வைத்துக்கொண்டார்? துரையைப் பார்த்துத்தானே? கேட்க ஓர் ஆள் இல்லை அந்த வீட்டில்.

இப்படியிருக்க, சித்தப்பா தன் அடையாளக் கார்டைத் தொலைத்தார். பழைய கார்டில் அவர் பதினைந்து வயதுப் பையன், எண்ணெய் வழிய வாரின தலை. புதுக் கார்டுக்கு டவுனில் போய்ப் படம் பிடித்து வந்தார். கார்டு வந்ததும் வீடே கூடிப் பார்த்தது. மூக்கு, கண், காது எல்லாம் கீழே ஓர் ஓரமாக ஒண்டியிருக்க, படத்தில் பாதி குருவிக்கூடுதான். அதன் ஓரத்தில் சர்க்கார் முத்திரை.

"சர்க்காரே முத்திர குத்திடுச்சுண்ணே. இனிமே இதுல கை வெச்சா குத்தமாயிடும்," என்றார் சித்தப்பா.

அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். பெரியப்பா கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.  சர்க்காரோடு சண்டை போட அவருக்குத் தெம்பில்லை. ஆனால் சர்க்காருக்கு மேலே ஒருத்தி இருக்கிறாளே! அது அவருக்கு ஞாபகம் வந்தது என் காய்ச்சலின்போதுதான்.

எனக்கு ஏழு வயது. குளிர்காய்ச்சல் வந்து படுத்தவள் ஐந்தாம் நாள் ஆளையே அடையாளம் தெரியாமல் பிதற்றினேனாம். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்சர் வந்து ஊசி போட்டுவிட்டு, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனாராம். அன்று சாயங்காலம் பெரியப்பா குளித்து, ஈர வேட்டியோடு மாரியம்மன் கோயிலுக்குப் போனார். எங்கள் வழக்கப்படி, பிள்ளைக்கு நோவு என்றால் அந்தப் பிள்ளையின் முடியை நேர்ந்துகொள்வார்கள். பெற்றவர்களும் தங்கள் முடியைக் கொடுப்பது உண்டு. பெரியப்பாவோ கற்பூரத்தை ஏற்றி, வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிற காவல்காரனுக்கும் கேட்கும்படி சொன்னார்:

"தாயே! எம்மக பொழச்சு எந்திரிச்சா, எந்தம்பி தலைய ஒனக்கு எறக்கி வெக்கிறேன்!"

நான் பிழைத்தேன். எட்டாம் நாள் கஞ்சி குடித்தேன். டிரஸ்சர் போட்ட ஊசிக்கு யாரும் ஒரு முழம் பூக்கூடக் கொடுக்கவில்லை. மாரியம்மனுக்குச் சித்தப்பாவின் தலை என்று லயம் முழுக்க முடிவாகிவிட்டது. சாமியிடம் கேட்ட வரத்தில் தன் பிராதையும் ஒரு மூலையில் சொருகிவிட்ட அந்தச் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது? அவர் தலையிலும்தான் முடி இருந்தது. அதை ஏன் கொடுக்கவில்லை?

சித்தப்பா முதல்முறையாகச் சிரிக்காமல் பேசியது அன்றைக்குத்தான். "அண்ணி, மாரியாத்தா எந்தலையக் கேட்டாளா? இல்ல அண்ணன் கேட்டாரா?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மாவுக்கோ பிழைத்த பிள்ளை மடியில் கிடக்கிறது. "எனக்குத் தெரியலப்பா. நீயே பாத்துக்க," என்று மட்டும் சொன்னாள்.

திருவிழா நாளும் வந்தது. முடிவெட்டுகிற அண்ணன் கோயில் பக்கத்து மரத்தடியில் கத்தியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சித்தப்பா வீட்டு வாசற்படியில், அசைய மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். பெரியப்பா முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்து, கடன் தீர்க்காத குடும்பம் என்னவாகும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் எலும்பும் தோலுமாகப் போய்ச் சித்தப்பாவை ஒட்டி உட்கார்ந்தேன். எனக்கு உண்மையாகவே ஒரு சந்தேகம் இருந்தது. கேட்டேன்.

"நீங்க முடி குடுக்கலேன்னா நான் செத்துப்போயிருவேனா, சித்தப்பா?"

அவர் என்னைப் பார்த்தார். பெரியப்பாவைப் பார்த்தார். பிறகு எழுந்து, பேண்ட் பையிலிருந்த சீப்பை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, மரத்தடிக்கு நடந்தார்.

முதல் வழிப்பில் கூடு சரிந்தது. பெரியப்பா கையைத் தட்டிக்கொண்டு, இப்போதுதான் மனிதன் மாதிரி இருக்கிறான் என்றார். குழாயடிப் பெண்கள்கூடச் சிரிக்கவில்லை. சந்தனம் பூசின மொட்டைத்தலையோடு சித்தப்பா நிமிர்ந்தபோது, அவருக்கு இவ்வளவு சின்ன முகமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு அவர் மலாக்கா டவுனுக்கு பஸ் ஏறினார். மொட்டை தெரியக்கூடாது என்று துண்டை இறுக்கித் தலையில் கட்டியிருந்தார். தோட்டத்து வாசலில் அவரைத் தெரிந்த காவல்காரர்கள், தட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பெரிய ரோட்டில் பஸ்ஸை நிறுத்திச் சோதனை போட்டவர்களுக்கு அவரைத் தெரியாது. கார்டை வாங்கிப் பார்த்தார்கள். துண்டை அவிழ்க்கச் சொன்னார்கள். அவிழ்க்க மாட்டேன் என்று ஒரு நிமிஷம் தயங்கினாராம் சித்தப்பா. வெட்கம்தான், வேறென்ன? அந்தத் தயக்கம் போதாதா அவர்களுக்கு? கார்டில் கோபுரம், ஆளிடம் மொட்டை. காட்டிலிருந்து வந்த எவனோ பேன் பிடித்த தலையை மழித்துக்கொண்டு, அடுத்தவன் கார்டில் போகிறான் என்று லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

பஸ்ஸில் கூட வந்த வடைக்காரம்மா சாயங்காலம் வந்து சொன்னாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அந்த நாட்களில் லாரியில் ஏற்றினால் திரும்பி வருவது நிச்சயமில்லை. கம்பிக்குள் வைப்பார்கள். இல்லையென்றால், முகம் தெரியாத இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள். பக்கத்துத் தோட்டத்தில் அப்படிப் போனவர்கள் இருந்தார்கள். என் அப்பாகூட அன்றைக்கு அண்ணன் முன்னால் வாய் திறந்தார். "அவனுக்கு இந்த ஊரு விட்டா வேற ஊரே தெரியாதுண்ணே," என்றார். பெரியப்பா நேராக ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணி வீட்டுக்குப் போய் வெளியே போவதற்கான பெர்மிட்டுக்கு நின்றார்.

மறுநாள் காலையில் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நான்தான் சாட்சியாம். காய்ச்சல் வந்த பிள்ளை இவள்தான் என்று காட்ட.

ஸ்டேஷனில் ஒரு மலாய் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். மேஜையில் சித்தப்பாவின் கார்டு. பெரியப்பாவுக்குத் தெரிந்த மலாய் முழுக்க காட்டு வேலை மலாய். வெட்டு, இழு, கொளுத்து, நாளைக்கு வா. அதை வைத்துக்கொண்டு தம்பியை மீட்க வேண்டும்.

"இனி ஆடேக் சாயா, துவான்," என்றார். இது என் தம்பி, ஐயா என்று. படத்தைக் காட்டினார். பிறகு என்னால் நம்பமுடியாத ஒரு காரியம் செய்தார். இரண்டு கையையும் தன் தலைக்கு மேல் தூக்கி, காற்றில் அந்தக் குருவிக்கூட்டைக் கட்டிக் காட்ட ஆரம்பித்தார். இங்கே தொடங்கும், துவான். இப்படி மேலே போகும். இந்த இடத்தில் வளையும். இடது பக்கம் ஒரு சுருள் மட்டும் நெற்றியில் விழும், கையால் ஒதுக்குவான், திரும்ப விழும். ஒரு சுருள் விடாமல் சொன்னார். நான்கூட அவ்வளவு கவனித்ததில்லை. சுற்றி நின்ற மாத்தா-மாத்தா போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். லாலான் வெட்டிக் காய்த்துப்போன அந்தக் கைகள் கூடு கட்டின.

யார் வெட்டச் சொன்னது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். மாரியம்மன் என்று சொல்லப்போகிறார் என்று நான் ஒரு அடி முன்னால் போய், நாக்கை நீட்டக்கூடத் தயாராக நின்றேன். டிரஸ்சர் நாக்கைத்தானே பார்ப்பார். பெரியப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"சாயா, துவான்." நான்தான்.

சாமி பெயரையே எடுக்கவில்லை! இப்படிப் பொய் சொல்கிறாரே என்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏன் வெட்டச் சொன்னாய் என்று அடுத்த கேள்வி. சினிமா வண்டியைப் பற்றி இப்போது ஒரு பாட்டம் ஏச்சு வரும் என்று காத்திருந்தேன். அவர் தணிந்த குரலில், எல்லாரும் பார்க்கிறார்கள் துவான், எங்கே போனாலும் எல்லாரும் அவனையே பார்க்கிறார்கள், இது காலம் சரியில்லை என்றார். பார்த்தால் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அழகாக இருந்தால் பார்க்கத்தானே செய்வார்கள்? இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

கைரேகை அனுப்பியிருக்கிறோம், பதில் வரட்டும் என்று சொல்லி எங்களை அனுப்பிவிட்டார்கள்.

பதினோரு நாள் கழித்துச் சித்தப்பா வந்தார். உடம்பில் அடி எதுவும் தெரியவில்லை. தலையில் முடி ஓர் அரிசி நீளத்துக்கு முளைத்திருந்தது. அம்மா வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். சாப்பிடும்போது அம்மாவிடம் மட்டும் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அடுப்பின் பின்னால் உட்கார்ந்து கேட்டேன்.

"தல முழுக்கக் கோணிய மாட்டின ஒருத்தன உக்கார வெச்சிருந்தாங்க அண்ணி. கண்ணுக்கு மட்டும் ரெண்டு ஓட்ட. ஒவ்வொருத்தனா முன்னால போயி நிக்கணும். அவன் தலைய ஆட்டினா அந்த ஆள தனியா கூட்டிக்கிட்டுப் போயிருவாங்க. எனக்கு முன்னால நின்னவனுக்கு ஆட்டினான்."

"ஒனக்கு?"

"ஆட்டல. ரொம்ப நேரம் பாத்தான் அண்ணி."

கோணியை மாட்டிக்கொண்டு கண்டுபிடிக்கிற விளையாட்டு நன்றாகத்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் நாங்கள் அதை லயத்துப் பின்னால் விளையாடினோம். சித்தப்பா வந்து கோணியைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டார். அவருக்கு இப்போதெல்லாம் விளையாட்டே பிடிப்பதில்லை என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

அவருக்கு வேறு படம் பிடித்து வேறு கார்டு கொடுத்தார்கள். ஒட்டின முடியோடு, திடுக்கிட்ட முகத்தோடு ஒரு படம். அதற்குப் பிறகு அவர் முடி வளர்க்கவே இல்லை. வளர்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. தென்னைமரச் சட்டையை யாருக்கோ கொடுத்துவிட்டார். சினிமா வண்டி வந்தாலும் திடலுக்கு வருவதில்லை. லயத்தில் எல்லாரும் பெரியப்பாவைப் புகழ்ந்தார்கள். "ஒரு மொட்டையில பையனத் திருத்திட்டீங்க," என்றார்கள். ஆத்தா அவன் தலைக்குள்ளே இறங்கிவிட்டாள் என்றும் சொன்னார்கள். இந்தப் புகழ்ச்சியை மட்டும் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஒரு மனிதனின் சிரிப்பு ஓசையில்லாமல் காணாமல் போயிருக்கிறது, அதற்குப் பெயர் திருந்துவதாம்! ஆனால் நானும் அன்று அப்படித்தான் நம்பினேன். சித்தப்பா நல்ல பிள்ளையாகிவிட்டார் என்று எனக்கும் ஒரே பெருமை.

அதனால்தான் ஒரு மாலை அவரைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. முடிவெட்டுகிற அண்ணன் எங்கள் வீட்டு முற்றத்தில் அவருக்கு முடி எடுத்து முடித்திருந்தார். சித்தப்பா அவருடைய கைக்கண்ணாடியை வாங்கி ஒரு கையில் பிடித்திருந்தார். மறுகையில் கார்டு. படத்தைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். மறுபடி படத்தை. "காதுக்கு மேல இன்னும் கொஞ்சம் எடுத்துடுங்கண்ணே," என்றார். எடுத்ததும் திரும்ப ஒருமுறை பார்த்தார். முகத்தைக்கூடப் படத்தில் இருப்பது போல வைத்துக்கொண்டு பார்த்தார்.

நான் உள்ளே ஓடினேன்.

"பெரியப்பா! சித்தப்பா திரும்பவும் அழகு பாக்குறாரு! கண்ணாடி வெச்சுக்கிட்டு, ரொம்ப நேரமா! வந்து ஏசுங்க!"

பெரியப்பா எழுந்து வந்தார். வாசலில் நின்று பார்த்தார். மூன்று லயத்துக்குக் கேட்கிற குரல் அவருக்கு. அது இப்போது வரும், இப்போது வரும் என்று நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு காத்திருந்தேன். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, சித்தப்பா கார்டை மடித்துப் பைக்குள் வைக்கும்வரை அப்படியே நின்றார். பிறகு உள்ளே திரும்பிப் போய், சுவரைப் பார்த்தபடி படுத்துக்கொண்டார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் ஜடையில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டினால் ஒரு நாள் முழுக்க ஏசுகிற மனிதர், இவ்வளவு பெரிய குற்றத்தைக் கண்ணால் பார்த்தும் சும்மா விட்டுவிட்டாரே! என்ன நியாயம் இது என்று அன்று சாயங்காலம் முழுக்க அம்மாவிடம் சண்டை போட்டேன்.